காகிதம் அறுபட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். இணையத்தில் கூர் போட்ட வளைவாள் ஒன்று வாங்கினாராம். சேபர் என்று ஆங்கிலத்தில் சொல்லும் குதிரைப்படை வாள் அது. தொங்கவிட்ட காகிதத்தை அது சத்தமில்லாமல் அறுத்ததாம். ஆகவே நல்ல வாள் என்று முடிவு செய்து, சிலம்பம் படிக்கும் பிள்ளைகளும் இப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். அவருடைய ஆர்வம் எனக்குப் பிடித்திருந்தது. நம் பிள்ளைகள் வாளைப் பற்றிப் பேசுவதே சந்தோஷம்தான். ஆனால் அந்த முடிவு என்னைத் தூங்க விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பட்டறை ஃபிட்டராக நாற்பது வருடம் வேலை செய்தவன். 1978இல் சேரும்போது எனக்குப் பதினெட்டு வயது. அப்போது எங்கள் தோட்டம் பாதி பால்மரம், பாதி செம்பனை. அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் முன்பே உளியைக் கல்லில் தீட்டி வைத்துவிடுவார். வெட்டுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவாவது பட்டையை விட்டுவைக்க வேண்டும். அதைத் தாண்டி உளி இறங்கினால் மரம் காயப்படும், பட்டை திரும்ப வளரும்போது முண்டு முண்டாக வளரும். அம்மாவிடம் மூன்று உளிகள் இருந்தன. மூன்றும் ஒரே அளவு கூர்தான். ஆனால் ஒன்றைத்தான் தினமும் எடுத்துப் போவார். ஏன் என்று கேட்டேன். "கூரு கல்லு குடுக்கும்டா. கைக்கு அடங்குறது உளியே குடுக்கணும்" என்றார். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதும் அதுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

வாளை நான் முதன்முதலில் கையில் தொட்டது 1979இல். தோட்டத் துரையின் பங்களா வரவேற்பறைச் சுவரில் ஒரு பழைய ஆங்கிலேயக் குதிரைப்படை வாள் தொங்கியது. மழைக்காலத்தில் துரு பிடித்துவிட்டது என்று பட்டறைக்கு அனுப்பினார்கள். எண்ணெய் போட்டு, தேய்த்து, துருவை எடுக்க இரண்டு நாள் ஆனது. துரு போன பிறகு வெர்னியர் காலிப்பரை எடுத்து அலகின் கனத்தை அளந்து பார்த்தேன். பட்டறைக்குப் புதிதாக வந்தவன், எதைப் பார்த்தாலும் அளக்கத் தோன்றும். கைக்காப்புக்குப் பக்கத்தில் 9 மில்லிமீட்டர். நடுவில் 5. நுனியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 2தான். பக்கவாட்டில் பார்த்தால் அகலமான, முரட்டு வாள் மாதிரி தெரியும். முதுகுப் பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால் ஊசி மாதிரி மெலிந்துகொண்டே போகும். எடை 930 கிராம். இந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். நோட்டு இன்னும் இருக்கிறது. வாள் துரையோடு ஊருக்குப் போய்விட்டது.

அது 1796ஆம் ஆண்டு மாதிரி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒற்றை வளைவுக் கைக்காப்பு, நுனிப் பக்கம் அகன்று கோடரி வாய் போல முடியும் அலகு, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடை என்று சொல்லும் ஓர் அகலமான பள்ளம், இவைதான் அதன் அடையாளம். அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு ஜான் காஸ்பார்ட் லெ மர்ஷான் என்ற குதிரைப்படை அதிகாரிக்கு. 1793, 94இல் ஃபிளாண்டர்ஸ் போரில் ஆங்கிலேயக் குதிரை வீரர்கள் கனமான, கைக்கு அடங்காத வாளைச் சுழற்றித் தங்களையும் தங்கள் குதிரைகளையும் காயப்படுத்திக்கொண்டதை அவர் நேரில் பார்த்தார். கூட இருந்த ஆஸ்திரிய அதிகாரி ஒருவர், உங்கள் ஆட்கள் வாள் வீசுவது குடியானவன் விறகு பிளப்பது மாதிரி இருக்கிறது என்று அவரிடமே சொன்னாராம். அந்த வெட்கத்தில் பிறந்த வாள் இது. வாளோடு சேர்த்து அதை வீசும் பயிற்சி முறையையும் எழுதி, 1796இல் இரண்டையும் படைக்குள் கொண்டுவந்தார். 1812இல் ஸ்பெயினில் நடந்த சலமான்கா போரில் குதிரைப்படையை நடத்திப் போகும்போது இறந்தார். வாளை மாற்றினால் மட்டும் போதாது, கையையும் பழக்க வேண்டும் என்று புரிந்து வைத்திருந்தவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இனி இன்றைய வாள்களுக்கு வருகிறேன். என் அக்கா மகன் சனிக்கிழமைகளில் சிலம்ப வகுப்பு எடுக்கிறான். நானும் கூடப் போவேன். நான்கு வருடங்களுக்கு முன் அவன் ஒரு வாள் வரவழைத்தான். அதே 1796 மாதிரியைப் பார்த்து இப்போது செய்தது, கூர் போட்டே வந்தது. பெட்டியைப் பிரித்த உடனே பழைய நாளிதழ்த் தாள் ஒன்றைத் தொங்கவிட்டு வீசினான். தாள் இரண்டாகி விழுந்தது. "பார்த்தீங்களா மாமா, பிளேடு மாதிரி இருக்கு" என்றான். நான் அளந்து பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

கைக்காப்புப் பக்கம் 5 மில்லிமீட்டர். நடுவில் 4.8. நுனிப் பக்கம் 4.5. அதாவது ஒரே கனத் தகட்டை வாள் வடிவத்தில் வெட்டி, ஓரத்தைச் சாணை பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். எடை 1,090 கிராம். விரல்மேல் வைத்தால் சாயாமல் நிற்கும் இடம் கைக்காப்பிலிருந்து 23 செண்டிமீட்டர் தள்ளி இருந்தது. துரையின் வாளில் அது 17. ஆறு செண்டிமீட்டர்தானே என்று தோன்றும். செம்பனைக் குலை வெட்டியவர்களைக் கேளுங்கள். நீண்ட குழாயின் முனையில் இருக்கும் சாபிட் அரிவாளில் நூறு கிராம் கூடினாலும் மத்தியானத்துக்குள் தோள்பட்டை சொல்லிவிடும். பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் கனம் வேறு, முனையில் இருக்கும் கனம் வேறு. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான், கைக்கு ஒன்றாகாது.

கையில் எடுத்து வீசியபோது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாளை வெட்டிப் பார்க்கும் முன் காற்றில் மூன்று வேலை செய்து பார்க்கச் சொல்வேன். முதலில் மணிக்கட்டால் பக்கத்தில் ஒரு வட்டம் சுற்றுவது. அப்புறம் வேகமாக வீசி, நினைத்த இடத்தில் நிறுத்துவது. மூன்றாவது, ஒரு வெட்டை வீசிவிட்டு அதே மூச்சில் திசை மாற்றி எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொன்று வீசுவது. முதல் வேலையை எந்த வாளும் செய்துவிடும். சுற்ற ஆரம்பித்தால் கனமே இழுத்துப் போகும். நிறுத்துவதில்தான் வாளின் குணம் வெளியே வரும். இந்த வாள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு சாண் ஓடியது. திசை மாற்றும்போது மணிக்கட்டைத் திருகியது. என் அக்கா மகனுக்கு இருபத்தெட்டு வயது, இரும்பு மாதிரிக் கை. இருபது வீச்சுக்கு அவனே கையை உதறிக்கொண்டு நின்றான்.

அடுத்த வருடம் காசு சேர்த்து வேறு ஒரு பட்டறையில் செய்த வாளை வாங்கினான். விலை இரண்டு மடங்குக்கும் மேல். பெட்டியைப் பிரித்ததும் தாளைத் தொங்கவிட்டான். தாள் கசங்கியது, அறுபடவில்லை. முகம் வாடிப்போனது அவனுக்கு. திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்டான். நான் காலிப்பரை எடுத்தேன். அடியில் 8 மில்லிமீட்டர், நடுவில் 5, நுனிப் பக்கம் 2.2. எடை 940 கிராம். நிற்கும் இடம் 16 செண்டிமீட்டர். எனக்குத் துரையின் வாளைத் திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது. "அனுப்பாதே, என்கிட்ட ரெண்டு ராத்திரி விடு" என்றேன்.

அந்த இரண்டு ராத்திரியும் மின்சாணையைத் தொடவே இல்லை. மெல்லிய ஓரத்தில் சாணைச் சக்கரத்தை வைத்தால் சூடு ஏறிவிடும். ஏறினால் பதம் போய்விடும். பதம் போன வாயைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலை. முதலில் அரம், அப்புறம் தண்ணீர் தொட்டுக் கல், கடைசியில் நைசான கல். ஓரம் தடிப்பாக இருந்தது. அந்தத் தடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, அலகின் சரிவோடு சேரும்படி செய்தேன். மூன்றாம் நாள் தாள் அறுபட்டது.

இங்கேதான் உங்கள் வாசகர் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் வாள் காகிதப் பரீட்சையில் பாஸ். இரண்டாவது ஃபெயில். ஆனால் இரண்டாவது வாளின் குறையை என் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து, கல்லை வைத்துச் சரி செய்ய முடிந்தது. முதல் வாளின் குறையை யாராலும் சரி செய்ய முடியாது. இல்லாத கனத்தை அடியில் எப்படிச் சேர்ப்பது? அடிக்கும்போதே இரும்பைப் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

சரி, வெட்டில் எப்படி? அதையும் பார்த்தோம். நிறையப் பேர் வாழைமரத்தை வெட்டிக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வாழை முழுக்கத் தண்ணீர், பாராங் கத்தி வைத்திருக்கிற யாரும் ஒரே வெட்டில் சாய்த்துவிடலாம். வாளுக்கும் வாளுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது. ஜப்பானியர்கள் வாள் பயிற்சிக்குப் பாயைச் சுருட்டி, ஊற வைத்து வெட்டுவார்கள். நமக்கு அந்தப் பாய் எங்கே கிடைக்கும்? தாழை ஓலையில் முடையும் மெங்குவாங் பாய் இருக்கிறதே. கிழிந்த, பழைய பாய்களைக் கம்போங் நண்பர் ஒருவர் கொடுத்தார். இறுக்கிச் சுருட்டிக் கயிறு கட்டி, தண்ணீர் டிரம்மில் ஒரு ராத்திரி ஊற வைத்தோம். பழைய லோரி ரிம்மில் ஒரு முளை பற்றவைத்து அதில் செருகி நிறுத்தினோம்.

முதலில் தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தல். இது கூருக்கும், வாள்வாய் நேராக இறங்குகிறதா என்பதற்கும் நல்ல பரீட்சை. வாய் நேராகப் போனால் மேல் பாதி பறந்துவிடும், அடிப்பாதி தண்ணீரோடு அப்படியே நிற்கும். கொஞ்சம் சாய்ந்தாலும் போத்தல் நசுங்கிப் பறக்கும். இரண்டு வாளும் இதில் தேறின. அடுத்து ஒரு பாய்ச் சுருள். இரண்டும் அறுத்தன. ஆனால் முதல் வாளின் வெட்டு முகத்தில் கடைசி இரண்டு விரற்கடை ஓலை பிய்ந்திருந்தது. இரண்டாவதில் வெட்டு முகம் சீவியது போல மழமழவென்று இருந்தது. பிறகு இரண்டு பாயைச் சேர்த்துச் சுருட்டினோம். முதல் வாள் பாதியில் சிக்கியது. நான்கு தடவை வெட்டினோம், நான்கு தடவையும் சிக்கியது. இரண்டாவது வாள் நான்கில் மூன்று தடவை கடந்து போனது. நான்காவது தடவை தவறியதற்குக் காரணம் கை, வாய் திரும்பிவிட்டது.

வாய் திரும்பியதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்று கேட்பீர்கள். சத்தத்தால். அலகின் இரண்டு பக்கமும் ஓடும் ஓடையை, ரத்தம் வடிவதற்கு என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. உறுதி குறையாமல் கனத்தைக் குறைக்க எடுக்கும் பள்ளம் அது. அதில் கூடுதலாக ஒரு பலன் உண்டு. வாய் நேராகக் காற்றை அறுத்தால் சுத்தமான விசில் கேட்கும். சாய்ந்தால் சத்தம் மங்கிப்போகும். என் அக்கா மகன் இப்போது பிள்ளைகளுக்குக் கூர் இல்லாத மொட்டை வாளில் இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறான். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே யார் நேராக வீசுகிறார்கள், யார் சாய்க்கிறார்கள் என்று எனக்குத் தெரிகிறது.

முதல் வாளுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். கடைசியில் பச்சை மூங்கில் வைத்தோம். அதில் அந்தக் கனமான வாள்தான் ஜெயித்தது. முனையில் கனம் இருப்பதால் கோடரி மாதிரி இறங்கியது. மெல்லிய நுனி உள்ள வாள் மூங்கிலில் பட்டபோது அதிர்ந்தது. சாய்வாகப் பட்ட ஒரு தடவை நுனி பாம்பு மாதிரி நெளிந்ததைப் பார்த்தேன், நல்ல பதம் என்பதால் நேராகத் திரும்பி வந்துவிட்டது. ஆக, மூங்கில் வெட்டத்தான் வாள் வேண்டும் என்றால் முதல் வாள் போதும். ஆனால் மூங்கில் வெட்டுவதற்கு முப்பது வெள்ளிக்குப் பாராங் கிடைக்கிறது. விறகு பிளக்கும் வாள் வேண்டாம் என்றுதானே லெ மர்ஷான் அவ்வளவு பாடுபட்டார்.

வளைவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மீன் அறுக்கும்போது கத்தியை அழுத்துவதில்லை, இழுக்கிறோம். அரிவாளால் புல் அறுக்கும்போதும் அப்படித்தான். வாய் சாய்வாக இழுபட்டுப் போகும்போது அதே கூர் இன்னும் மெலிதாக வேலை செய்கிறது. நேரான வாளில் அந்த இழுப்பைக் கை கொடுக்க வேண்டும். வளைவாளில் வளைவே பாதி கொடுத்துவிடும். தல்வார் என்ற இந்திய வளைவாளில் இன்னொரு நுட்பம் உண்டு. பிடியின் அடியில் தட்டு மாதிரி ஒரு வட்டு இருக்கும். பிடியும் சிறியது. மணிக்கட்டை மட்டும் ஆட்டி வீசினால் அந்த வட்டு கையில் இடிக்கும். தோளிலிருந்து, முழங்கையோடு சேர்த்து இழுத்து வீசினால் இடிக்காது. சிலம்பம் படித்தவர்கள் தல்வாரை எடுத்ததும் "பிடி சின்னதா இருக்கு, இடிக்குது" என்பதற்கு இதுதான் காரணம். பிடியில் தப்பில்லை. வீசும் முறை வேறு.

உறையைப் பற்றி யாருமே பேசுவதில்லை. லூயிஸ் நோலன் என்ற ஆங்கிலேயக் குதிரைப்படை கேப்டன் 1853இல் ஒரு விஷயத்தை எழுதி வைத்தார். ஹைதராபாத் நிஜாமின் குதிரைப்படையினர் பயங்கரமான வெட்டுக் காயங்களை ஏற்படுத்துவதைக் கேள்விப்பட்டு, அது என்ன வாள் என்று விசாரித்திருக்கிறார். பார்த்தால் ஆங்கிலேயப் படை கழித்துப் போட்ட பழைய வாள்களின் அலகுகள்! பிடியை மட்டும் தங்கள் வழக்கப்படி மாற்றி, சவரக் கத்தி மாதிரித் தீட்டி, மரத்தாலான உறையில் வைத்திருந்தார்கள். சண்டைக்குத் தவிர உருவுவதே இல்லை. ஆங்கிலேய வீரனின் வாளோ இரும்பு உறையில் இருந்தது. குதிரை ஓட ஓட, உருவ உருவ, வாய் இரும்பில் தேய்ந்து மழுங்கியது. அதே இரும்பு, அதே கொல்லன். உறைதான் வித்தியாசம். நோலன் மறு வருடமே கிரிமியப் போரில், பாலக்ளாவாவில் இறந்துபோனார். அவர் சொன்னது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. எங்கள் இரண்டாவது வாள் இரும்பு உறையில் வந்தது. கூர் போட்ட பிறகு இருபது தடவை உருவிச் செருகினோம். தாள் மறுபடியும் கசங்கியது. உள்ளே மெல்லிய மரப் பட்டை வைத்த பிறகுதான் கூர் நின்றது. உங்கள் வாசகரும் தன் வாளை இருபது தடவை உருவிச் செருகிவிட்டு அந்தக் காகிதத்தை மறுபடி தொங்கவிட்டுப் பார்க்கட்டும்.

இதெல்லாம் வெட்டும் திறமையைப் பற்றிய பேச்சு. நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மைக் காரணம் வேறு.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு கோயில் திருவிழா. ஊர்வலத்துக்கு முன் வாள் வீச்சு. ஆடிய பையன் நல்ல பையன், நன்றாகவும் ஆடினான். அவன் கையில் இருந்தது பளபளவென்று மின்னும் வாள். ஒரு கடையில் அலங்காரத்துக்கு விற்றதை, கூர் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். மூன்றாவது சுற்றில் அவன் கையில் பிடி மட்டும் இருந்தது. அலகு முன்வரிசைக்கு மேலே பறந்து போய் கூடாரக் காலில் அடித்து விழுந்தது. முன்வரிசையில் தரையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூடாரக் காலுக்கு இரண்டடி தள்ளி ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. என் பேத்தி வயது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கைதட்டக்கூடச் செய்தது, இதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டு. நான்தான் அலகை எடுத்தேன். என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

பிடிக்குள் போகும் வாலைப் பார்த்தேன். வால் என்றே சொல்ல முடியாது. அலகு முடிந்த இடத்தில் பென்சில் கனத்துக்குக்கூட இல்லாத ஒரு கம்பியைப் பற்றவைத்து, அதன் முனையில் மரை போட்டு நட்டு முறுக்கியிருந்தார்கள். பற்றவைத்த இடத்தில் ஒடிந்திருந்தது. அலகு துருப்பிடிக்காத எஃகு. சமையல் கத்திக்கு அது சரி. 80 செண்டிமீட்டர் நீளத்தில் வீசி ஆடுவதற்கு அது ஏற்றதல்ல, அதிர்ச்சி தாங்காமல் படக்கென்று ஒடியும். அந்த வாளும் அன்று காலையில் காகிதத்தை அறுத்துக் காட்டியதுதான். சுற்றி நின்று நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நானும் பார்த்தேன். பிடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அதனால் வாள் வாங்க நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கூரைக் கடைசியில் பாருங்கள். முதலில் கடைக்காரரிடம் வால் எவ்வளவு அகலம், அலகோடு ஒரே இரும்பா, முனையில் தட்டி மடித்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். இரும்பு என்ன எண் என்று கேளுங்கள். 1060, 1075 என்று சொன்னால் கடைசி இரண்டு எண்ணும் கரியின் அளவு, நூற்றுக்கு 0.60, 0.75 பங்கு. 5160 என்றால் லோரியின் வில்பட்டைக்குப் போடும் வகை, நம் ஊர்ப் பாராங் கொல்லர்கள் காலங்காலமாக அடிக்கிற இரும்பு. இவையெல்லாம் வாளுக்கு ஆகும். எண் சரியாக இருந்தாலும் பதம் சரியாக இருக்க வேண்டும். நுனியை ஒரு பலகையில் ஊன்றி மெதுவாக வளையுங்கள். விட்டதும் நேராக வர வேண்டும். வளைந்தபடியே நின்றால் பதம் போதாது. பிடியை ஒரு கையால் பிடித்து அலகின் முதுகை இன்னொரு கை முஷ்டியால் தட்டுங்கள். கலகலவென்று உள்ளே ஏதாவது ஆடினால் அதோடு வைத்துவிடுங்கள். அப்புறம் காலிப்பர். அடியில், நடுவில், நுனியில். இணையத்தில் வாங்குபவர்கள் இந்த மூன்று எண்ணையும், எடை நிற்கும் இடத்தையும் கேட்டு எழுதலாம். ஒழுங்காகச் செய்கிற பட்டறைக்காரர்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள், அதை அவர்களே பெருமையாக நினைக்கிறார்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் கொண்டு போவது குற்றம். காரில் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு நண்பனுக்குக் காட்டப் போவது தகுந்த காரணமாகாது. கோயில் நிகழ்ச்சி என்றால் முன்கூட்டியே காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டு வாள்களும் பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. வெட்டிப் பார்ப்பது என்றால் வேலி போட்ட கொல்லையில், பெரியவர்கள் மூன்று பேர் மட்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வருவதில்லை.

சிலம்பப் பிள்ளைகளுக்குக் கூர் போட்ட வாள் வேண்டும் என்ற வாசகரின் யோசனையை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கூர் இல்லாத, அதே எடையும் அதே நிற்கும் இடமும் உள்ள வாள் அவர்களுக்குப் போதும். வட்டம், நிறுத்தம், திசை மாற்றம், விசில் எல்லாவற்றையும் அதிலேயே படிக்கலாம். நிகழ்ச்சி நடத்துபவர்களும் முன்வரிசையைப் பத்தடி பின்னால் தள்ளிப் போடட்டும். செய்தியோடு படம் போடும்போது, வாள் மொட்டையா கூரா என்று நிருபர் ஒரு வார்த்தை கேட்டு எழுதினால் படிக்கிற பெற்றோருக்கும் உதவும் என்று உங்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்று கூடாரத்தில் எடுத்த அந்த அலகின் அடிப்பகுதியை, ஒடிந்த கம்பியோடு ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். வகுப்புக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையின் கையிலும், அப்பா அம்மா கையிலும் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். இந்தச் சனிக்கிழமை நான்கு பேர் புதிதாகச் சேருகிறார்கள். எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தோட்டப் பட்டறை ஃபிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.